விடிலிக்குப் போகும் முன்: கருப்பட்டி காய்ச்சும் இடத்துக்கு ஒரு பயணத் திட்டம்

நல்ல கருப்பட்டி வேண்டும் என்று நினைப்பவர், அது காய்ச்சப்படும் விடிலிக்கு ஒரு முறையாவது நேரில் போய்வர வேண்டும். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் இருப்பவர்களுக்கு இது ஒரே நாளில் முடியும் காரியம். ஆனால் திட்டமில்லாமல் போனால் அணைந்த அடுப்பையும், தாச்சி என்ற காய்ச்சும் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருப்பதையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். அதைவிட மோசம், வேலை நடக்கும் நேரத்தில் இடைஞ்சலாகப் போய் நிற்பது. இரண்டையும் தவிர்க்கும் வழியைச் சொல்வதே இந்த அத்தியாயத்தின் வேலை.

கடையிலேயே வாங்கினால் என்ன?

முதலில் எழும் கேள்வி இதுதான். கடையிலேயே சோதித்துப் பார்த்து வாங்க வழி இருப்பதாகப் பலரும் சொல்வார்கள். உடைத்தால் உள்ளே மினுங்கக் கூடாது, தண்ணீரில் போட்டால் மெதுவாகக் கரைய வேண்டும், கடித்தால் கரிப்பு தட்ட வேண்டும் என்று ஒரு பட்டியலே உண்டு. அப்பட்டமான கலப்படத்தை இவை காட்டிக் கொடுக்கலாம். அளவாகச் செய்த கலப்படத்தைக் காட்டாது. காரணம் எளிது. பதநீரில் இருக்கும் இனிப்பின் பெரும்பகுதியும், கரும்பிலிருந்து வரும் சீனியும் ஒரே பொருள், சுக்ரோஸ். கொதிக்கிற பதநீரில் சீனியைக் கொட்டிச் சேர்த்துக் காய்ச்சினால் பனையின் மணமும் நிறமும் அதில் ஏறிவிடும். அதற்குப் பிறகு நாக்கும் கண்ணும் நம்பத் தகுந்த சாட்சிகள் இல்லை.

கடையில் நின்றபடியே செய்யக்கூடிய உருப்படியான சோதனை ஒரு கணக்குதான். நூறு பங்கு பதநீரில் பத்திலிருந்து பன்னிரண்டு பங்கு வரை இனிப்பு இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறக்குறைய எட்டு லிட்டர் பதநீர் வேண்டும். உங்கள் ஊரில் ஒரு லிட்டர் பதநீர் என்ன விலை என்று கேட்டு அதை எட்டால் பெருக்குங்கள். தெருவில் விற்கும் விலையில் விற்பவரின் லாபமும் இருக்கிறது என்று தாராளமாகப் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். மிச்சத்தோடு விறகையும், இரண்டு மூன்று மணி நேரம் அடுப்படியில் நிற்பவரின் கூலியையும் சேருங்கள். கடைக்காரர் சொல்லும் விலை இதற்கும் வெகு கீழே இருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஆனால் இந்தக் கணக்குக்கும் ஓர் எல்லை உண்டு. மலிவான சரக்கு மோசம் என்று சொல்லுமே தவிர, விலை கூடிய சரக்கு நல்லது என்று சொல்லாது. அந்த இடத்தில்தான் நேரில் போவது தேவைப்படுகிறது.

உடன்குடி பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். 2020-இல் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குக் கிடைத்த அதே வகைப் பாதுகாப்பு அது. ஒரு பெயரை யார் பயன்படுத்தலாம், பொருள் எந்த முறையில் எந்த இடத்தில் செய்யப்பட வேண்டும் என்பதை அது வரையறுக்கிறது. அந்த வரையறை அவசியமானது. ஆனால் உங்கள் கையில் இருக்கும் சில்லை அது சோதிப்பதில்லை. மெக்சிகோவின் மெஸ்கால் என்ற கற்றாழைச் சாராயத்துக்கு 1994 முதல் இத்தகைய பெயர்க்காப்பு உண்டு. அப்படியிருந்தும் ஒவாஹாகா மாநிலத்தில் கற்றாழைக் குருத்தை மண்குழியில் சுட்டு வடிக்கும் சிறு வடிசாலைகளைத் தேடி மக்கள் போகிறார்கள். நம் கரிசல்காட்டு வேலியோரம் நிற்கும் ஆனைக் கற்றாழையும் அந்தக் குடும்பத்துச் செடிதான். நாம் அதில் நார் எடுத்ததோடு நிறுத்திக்கொண்டோம். இனிப்புச் சாற்றுக்கு நமக்குப் பனை இருந்தது.

எங்கே போவது

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசலில் பனை இல்லாமல் இல்லை. கண்மாய்க் கரையிலும் புஞ்சை வரப்பிலும் நிற்கிறது. ஆனால் ஒரே இடத்தில் போதுமான மரம் இருந்து, தினமும் பதநீர் இறக்கி, அங்கேயே காய்ச்சும் தொழிலைப் பார்க்கக் கடற்கரைப் பக்கம் போக வேண்டும். எட்டயபுரம், விளாத்திகுளம் வழியாக வேம்பார் போவது பக்கத்து வழி. கரிசல் முடிந்து மணல் தொடங்கும் அந்த வட்டாரமும், அதற்கு வடக்கே ராமநாதபுரம் மாவட்டத்துச் சாயல்குடிப் பக்கமும் கருப்பட்டிக்குப் பேர்போனவை. திருச்செந்தூருக்குத் தெற்கே செம்மண் தேரியில் இருக்கும் உடன்குடி இன்னொரு வழி. அது தொலைவு, விடியற்காலையில் போய்ச் சேர வேண்டுமானால் முந்தின இரவே திருச்செந்தூரில் தங்க வேண்டும். முதல் முறை போகும் கோவில்பட்டிக்காரருக்கு வேம்பார்ப் பக்கமே போதும்.

எப்போது போவது

மாசியில் பாளை விடத் தொடங்கி, பங்குனி, சித்திரை, வைகாசியில் பதநீர் நன்றாக இறங்கும். ஆனி, ஆடியில் குறையும். மார்ச் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை என்று குறித்துக்கொள்ளுங்கள். பள்ளி விடுமுறையும் அதே காலம் என்பதால் குழந்தைகளோடு போக நினைப்பவர்களுக்கு வசதி, ஆனால் கத்திரி வெயிலும் அப்போதுதான்.

மெஸ்கால் வடிசாலைக்குப் போகிறவர், குழி மூட்டும் நாளா, அரைக்கும் நாளா, வடிக்கும் நாளா என்று விசாரித்துப் போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடையே பல நாள் இடைவெளி உண்டு. விடிலியில் அந்தக் கவலை இல்லை. பதநீர் காத்திருக்காது. காலையில் இறக்கியதை அன்று மதியத்துக்குள் காய்ச்சி முடித்தாக வேண்டும். அதனால் பருவத்தில் எந்த நாள் போனாலும் முழு வேலையும் கண்முன் நடக்கும். அதே காரணத்தால்தான் நேரம் தவறினால் ஒன்றுமே கிடைக்காது. பத்து மணிக்குப் போகிறவர் பாதியைப் பார்ப்பார், மூன்று மணிக்குப் போகிறவர் சாம்பலைப் பார்ப்பார்.

மழை பெய்த மறுநாளைத் தவிர்த்துவிடுங்கள். மழைத்தண்ணீர் கலயத்துக்குள் இறங்கியிருக்கும், மரம் வழுக்கும், ஏறுபவருக்கு ஆபத்து. மேகமூட்டமும் புழுக்கமும் உள்ள நாளில் பதநீர் சீக்கிரம் புளித்துவிடும். புளிப்பேறியதை எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் சரியாகக் கட்டியாகாது. அந்த நாளில் காய்ச்சுபவருக்கு இரண்டே வழி. பாகாகவே எடுத்துவைப்பது ஒன்று, சீனியைச் சேர்த்து இறுக வைப்பது மற்றொன்று. கலப்படம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதில் ஒரு பகுதி பேராசையிலிருந்து வரவில்லை, ஒரு நாள் உழைப்பு மொத்தமும் வீணாகக் கூடாதே என்ற தவிப்பிலிருந்து வருகிறது. விடிலிக்குப் போகிறவர் இந்த வேறுபாட்டை அறிந்து போனால் கேட்கும் கேள்விகளும் மாறும்.

போகும் முன்: பேசி முடிக்க வேண்டியவை

1. ஆளைக் கண்டுபிடியுங்கள். கோவில்பட்டி, விளாத்திகுளம் கடைவீதிகளில் கருப்பட்டி விற்பவர்களிடம் சரக்கு எந்த ஊரிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். சாலையோரம் பதநீர் விற்பவரிடம் கேட்பது இன்னும் நேர்வழி. அவர் பெரும்பாலும் ஏறுபவராகவோ அவர் வீட்டாராகவோ இருப்பார்.

2. ஒரு வாரம் முன்பே பேசுங்கள். ஏறுபவரிடம் பகல் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே பேசுவதே முறை. அதற்கு முன் மரத்திலோ அடுப்பிலோ இருப்பார்கள், அதற்குப் பின் மாலை ஏற்றம். “அண்ணாச்சி, நீங்க காய்ச்சுறதைப் பார்க்கணும், அப்படியே ரெண்டு கிலோ வாங்கிக்கணும், என்னைக்கு வந்தா உங்களுக்குத் தோது?” என்று கேட்டால் போதும். நாளை அவர் சொல்லட்டும், நீங்கள் சொல்லாதீர்கள்.

3. உங்களுக்கு விற்க முடியுமா என்று கேளுங்கள். இதைப் பலர் கேட்பதே இல்லை. பருவம் தொடங்கும் முன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் காய்ச்சும் கருப்பட்டி முழுவதும் அவருக்கே போக வேண்டும் என்ற ஏற்பாடு பல இடங்களில் உண்டு. அப்படிப்பட்டவரிடம் போய் நின்று “எனக்குக் கொடுங்க” என்றால் அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடுகிறீர்கள்.

4. எத்தனை பேர் என்று சொல்லுங்கள். நான்கு பேருக்கு மேல் வேண்டாம். இதற்குக் காரணம் இட நெருக்கடி மட்டும் இல்லை. ஒருவர் முப்பது மரம் ஏறுகிறார், மரத்துக்கு நாளுக்கு இரண்டு லிட்டர் இறங்குகிறது என்று வைத்தால் மொத்தம் அறுபது லிட்டர். அதில் கிடைப்பது ஏழு எட்டு கிலோ கருப்பட்டி. பத்துப் பேர் போய் ஆளுக்கு இரண்டு கிலோ கேட்டால், இல்லாத சரக்கைக் கேட்கிறீர்கள் என்று பொருள். அந்த நெருக்கடி எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

5. பணத்தை முன்பே பேசுங்கள். கருப்பட்டியின் விலை வேறு, உங்களுக்காகச் செலவிடும் நேரத்தின் கூலி வேறு. இரண்டையும் தனித்தனியாகப் பேசி, இரண்டையும் கொடுங்கள். வேடிக்கை பார்ப்பதற்கு எதற்குக் காசு என்று தோன்றலாம். அவர் உங்களுக்கு விளக்கிச் சொல்லும் ஒவ்வொரு நிமிடமும் அடுத்த மரத்துக்குப் போகாத நிமிடம், வெயில் ஏறஏறப் பதநீர் புளிக்கும் நிமிடம்.

அன்றைய நாளின் வரிசை

1. விடியும் முன் கிளம்புங்கள். ஆறு மணிக்குள் மரத்தடியில் இருக்க வேண்டுமானால் கோவில்பட்டியிலிருந்து நான்கு, நாலரைக்கே புறப்பட வேண்டும். அந்த நேரத்துக்குப் பேருந்தை நம்ப முடியாது. சொந்த வண்டியோ வாடகை வண்டியோ வேண்டும், இல்லையென்றால் முந்தின இரவே விளாத்திகுளத்துக்குப் போய்விடுங்கள்.

2. ஏறுவதைத் தள்ளி நின்று பாருங்கள். காலில் தளைநார், இடுப்பில் அருவாப்பெட்டி, மரத்தின் தூரில் சாய்த்த முருக்குத்தடி. இவ்வளவுதான் கருவி. மேலே போனதும் பாளையின் நுனியைச் சீவி, நிறைந்த கலயத்தை இறக்கி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குவார். சீவுவது வெறும் வெட்டு இல்லை. தடித்துச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும், மிகவும் மெலிதாகச் சீவினால் முந்தின நாள் காய்ந்த முகம் திறக்காது, சாறு வராது. அதற்கும் முன்பே, இளம் பாளையைக் கடிப்பு என்ற கருவியால் பல நாள் பக்குவமாக நசுக்கிப் பழக்கியிருப்பார்கள். கீழே நிற்பவருக்கு உடலின் உழைப்பு மட்டும் தெரியும். கையின் நுணுக்கத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

3. சுண்ணாம்பைக் கவனியுங்கள். பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவே நிற்பது அந்தச் சுண்ணாம்புப் பூச்சுதான். அது இல்லாவிட்டால் காற்றிலுள்ள ஈஸ்ட் வேலையைத் தொடங்கிச் சில மணி நேரத்தில் சாற்றைப் புளிக்க வைத்துவிடும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருப்பதால் இதில் சட்டமும் சேர்ந்திருக்கிறது. சுண்ணாம்பு குறைந்தால் புளிப்பு, கூடினால் பதநீரிலும் கருப்பட்டியிலும் நாக்கைச் சுரீரென்று பிடிக்கும் காரம். நல்ல கை எது என்று முதலில் இங்கேதான் தெரிகிறது.

4. விடிலிக்குள் வரும் பதநீரைப் பாருங்கள். உங்கள் பயணத்தின் நோக்கமே இந்த இடம். எத்தனை குடம் தாச்சிக்குள் போகிறது என்று எண்ணுங்கள். மதியம் எத்தனை கிலோ வெளியே வருகிறது என்று பாருங்கள். எட்டுக்கு ஒன்று என்ற கணக்கு ஏறக்குறைய ஒத்துவந்தால் அதைவிடப் பெரிய சான்று வேறு இல்லை. அறுபது லிட்டர் போய்ப் பதினைந்து கிலோ வந்தால் அதுவும் சான்றுதான்.

5. காய்ச்சும் கட்டத்தில் பேச்சைக் குறையுங்கள். வடிகட்டிய பதநீரைத் தாச்சியில் ஊற்றி, வேலிக்கருவை விறகும் காய்ந்த பனமட்டையும் வைத்து எரிப்பார்கள். முதல் ஒரு மணி நேரம் பொறுமைக்கானது. தெளிந்த வெள்ளை மஞ்சளாகும், பிறகு செம்மை ஏறும், நுரை பொங்கும். பொங்கி வழியப் போகும் நேரத்தில் நசுக்கிய ஆமணக்கு முத்து நாலைந்தைப் போட்டால் நுரை அடங்கும். அந்த எண்ணெய் நுரையை உடைத்துவிடுகிறது. குமிழ் சிறுத்து, பாகு துடுப்பில் கனக்கத் தொடங்கிய பிறகு இரண்டு நிமிடம் முந்தினால் கட்டியாகாது, இரண்டு நிமிடம் பிந்தினால் அடிப்பிடித்துக் கசக்கும். பெரும்பாலும் பெண்கள்தான் இந்த வேலையைச் செய்கிறார்கள். துளிப் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பார் ஒருவர், துடுப்பை உயர்த்தி வழியும் கம்பியைப் பார்ப்பார் இன்னொருவர். அந்த நேரத்தில் “அக்கா, இங்க பாருங்க, ஒரு போட்டோ” என்று கேட்பது பெரிய தவறு.

6. சிரட்டையில் ஊற்றி ஆறும்வரை இருங்கள். இறக்கி வைத்துத் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருந்தால் பாகின் பளபளப்பு மங்கி மணல்போல் கெட்டிப்படத் தொடங்கும். அந்தப் பதத்தில் வரிசையாக அடுக்கிய தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றுவார்கள். நன்றாக ஆறிய பிறகு தட்டினால் கழன்று விழும். சுக்கும் மிளகும் ஏலமும் சேர்த்துச் சிறிதாக ஊற்றும் சில்லுக் கருப்பட்டி வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், நின்ற நிலையில் கேட்டால் கிடைக்காது.

பாதுகாப்பு

கொதிக்கும் பாகைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். இறக்கும் பதத்தில் அதன் சூடு 115 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். கொதிநீர் பட்டால் வழிந்துவிடும், பாகு ஒட்டிக்கொண்டு உள்ளே சுட்டுக்கொண்டே இருக்கும். தாச்சியிலிருந்து ஆறடி தள்ளி நில்லுங்கள். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், விடிலியின் வாசலுக்கு உள்ளே விடவே வேண்டாம். தப்பித்தவறிப் பட்டுவிட்டால் பிய்த்தெடுக்க முயலாமல் சாதாரணத் தண்ணீரை இருபது நிமிடம் தொடர்ந்து ஊற்றுங்கள். பற்பசை, மஞ்சள், மை எதுவும் தடவக் கூடாது. கொப்புளம் பெரிதாக இருந்தால் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

மரத்தடியில் நிற்காதீர்கள். கலயமோ அரிவாளோ காய்ந்த மட்டையோ எது வேண்டுமானாலும் விழலாம். கொண்டையில் குளவிக் கூடு கலைந்தால் கீழே நிற்பவரையும் கொட்டும். தளைநாரை வாங்கி “நானும் ஏறிப் பார்க்கிறேன்” என்று நான்கடி ஏறுவதும் வேண்டாம். அந்த உயரத்திலிருந்து விழுந்தாலே கணுக்கால் முறியலாம். சுண்ணாம்புக் கலயத்தில் கை வைத்துவிட்டுக் கண்ணைத் தேய்க்கக் கூடாது. விடிலியைச் சுற்றிக் கிடக்கும் காய்ந்த ஓலைக் குவியலில் தேளும் பாம்பும் தங்கும், அதனால் மூடிய செருப்பு அவசியம். தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம்.

பச்சைப் பதநீர் குடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. திறந்த கலயம் இரவெல்லாம் மரத்தில் இருக்கிறது, பழந்தின்னி வௌவால்கள் அங்கே வருகின்றன. வங்கதேசத்தில் நிபா காய்ச்சல் பச்சை ஈச்சஞ்சாறு வழியாகப் பரவியது மருத்துவ ஆய்வுகளில் உறுதியான செய்தி. 2018-இல் கோழிக்கோட்டில் நிபா வந்ததும் நமக்குத் தொலைதூரச் செய்தி இல்லை. பதநீரில் சுண்ணாம்பு இருக்கிறது, அது ஈச்சஞ்சாறு இல்லை என்ற பதிலில் நியாயம் உண்டு. ஆனாலும் தாச்சியில் ஒரு கொதி வந்த பதநீரை வாங்கி ஆறவைத்துக் குடிப்பதில் இழப்பு ஒன்றும் இல்லை. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அப்படியே கொடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கருப்பட்டியில் இருப்பதும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். பனையிலிருந்து வந்தது என்பதால் அது ரத்தத்தில் சேராமல் போய்விடாது.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

பதநீரைப் பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்துக் கோவில்பட்டிக்குக் கொண்டுவர நினைப்பது முதல் தவறு. வெயிலில் வண்டி வந்து சேர்வதற்குள் புளிக்கத் தொடங்கும், மூடிய பாட்டிலில் வாயு சேர்ந்து பொங்கும். புளித்த பிறகு அது சட்டத்தின் கண்ணில் வேறு பொருளாகிவிடுகிறது. அங்கேயே குடித்துவிட்டு வாருங்கள்.

“கள் கிடைக்குமா” என்று கண்ணடித்துக் கேட்பது இரண்டாவது. நீங்கள் கேட்டுவிட்டுப் போய்விடுவீர்கள், வழக்கு வந்தால் அவர்மேல்தான் வரும். சாதியைக் கேட்பது, சாதியைக் குறிக்கும் பழைய சொற்களால் தொழிலைக் குறிப்பிடுவது மூன்றாவது, மன்னிக்க முடியாதது. பேரம் பேசுவது நான்காவது. எட்டு லிட்டர் கணக்கைக் கண்ணால் பார்த்த பிறகும் கிலோவுக்கு இருபது ரூபாய் குறைக்கச் சொல்பவர், அந்த இருபது ரூபாய்க்கான சீனியைத் தாமே தாச்சியில் கொட்டச் சொல்கிறார்.

வேடிக்கையா, வியாபாரமா

இத்தகைய பயணங்கள்மீது ஒரு கனமான ஆட்சேபணை உண்டு. மரம் ஏறுவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. மரம் 15 மீட்டர், நாளுக்கு 30 மரம், இரண்டு வேளை என்று வைத்தாலே ஒருவர் ஒரே நாளில் 900 மீட்டர் உயரம் ஏறி இறங்குகிறார். அதோடு, இந்தத் தொழிலைக் காட்டியே ஒரு சமூகத்தைத் தாழ்த்திய வரலாறும் இந்த மண்ணில் உண்டு. இடையன்குடியில் இருந்த பாதிரியார் கால்டுவெல், பனையேறிகளைப் பற்றி 1849-இல் வெளியிட்ட நூலின் ஏளனத் தொனி அந்தச் சமூகத்தவரைப் புண்படுத்தி நெடுங்கால எதிர்ப்பைக் கிளப்பியது. வெளியூர்க்காரர் வந்து பார்த்து எழுதுவது இங்கே தீங்கற்ற செயலாக இருந்ததில்லை. பிள்ளைகளைப் படிக்கவைத்து இந்தத் தொழிலிலிருந்து விடுவித்த குடும்பங்கள் செய்தது சரியே. அப்படியிருக்க, மிச்சம் இருப்பவர்களை நாம் போய் நின்று ரசிப்பது முறையா?

ரசிப்பதற்காக மட்டும் போனால் முறையில்லை என்பதே என் பதில். பார்வையாளராகப் போகிறவர் ஒரு படத்தோடு திரும்புவார், ஏறுபவருக்கு அதனால் ஒன்றும் இல்லை. வாங்குபவராகப் போகிறவரின் நிலை வேறு. கருப்பட்டிக்கு நாம் கொடுக்கும் பணத்தில் எவ்வளவு மரத்தடி வரை போகிறது என்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படைச் சிக்கல். இடையில் கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் அது குறைகிறது, குறைந்த இடத்தைச் சீனி நிரப்புகிறது. தூய கருப்பட்டிக்கான விலையை நேரே கொடுக்கும் வாடிக்கையாளர் பத்துப் பேர் ஒரு விடிலிக்கு இருந்தால், அங்கே சீனி மூட்டை இறங்கக் காரணமே இல்லை. ஏறுவதா விடுவதா என்பதை அந்தக் குடும்பம் தீர்மானிக்கட்டும். ஏறுகிற வரைக்கும் அதற்கான விலை கிடைக்க வேண்டும். படம் எடுப்பதானால் கேட்டு எடுங்கள், யாருடைய முகமும் அனுமதியின்றி வெளியே போகக் கூடாது.

வாங்குவது, வைப்பது, அடுத்த பருவம்

அன்றைய கருப்பட்டியைச் சூடு முழுவதும் ஆறிய பிறகே கட்டச் சொல்லுங்கள். வெதுவெதுப்பாகப் பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து ஒழுகும். ஓலைப்பெட்டி கிடைத்தால் அதற்குரிய காசைக் கொடுத்து அதிலேயே வாங்குங்கள். காற்றின் ஈரத்தை இழுப்பது கருப்பட்டியின் இயல்பு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மேற்பரப்பு கசிவது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. பழைய வீடுகளில் அடுப்புக்கு மேல் பரணில் புகைபட வைத்ததன் காரணம் இதுதான். இப்போது காற்றுப் புகாத பாத்திரமும், கசிந்தால் ஒரு மணி நேர வெயிலும் போதும்.

சரக்கு மனதுக்குப் பிடித்திருந்தால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். வியாபாரி தை மாதம் முன்பணம் கொடுத்து ஒரு பருவத்தையே கட்டிப்போடுகிறார் என்றால், அதே வேலையை நான்கு வீட்டார் சேர்ந்து நியாயமான முறையில் செய்யலாம். ஆண்டுக்கு ஒரு வீட்டுக்கு எத்தனை கிலோ தேவை என்று கணக்கிட்டு, தை பிறந்ததும் விலையைப் பேசிப் பாதிப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். வைகாசியில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லுங்கள். மூன்று விஷயங்களை எழுதி வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது: சீனி சேர்ப்பதில்லை, புளித்த நாளின் பாகைத் தனியாகப் பாகாகவே வாங்கிக்கொள்வோம், மழையாலோ உடல்நலக் குறைவாலோ அளவு குறைந்தால் பணத்தை அடுத்த பருவத்துக் கணக்கில் வைத்துக்கொள்வோம். இவற்றில் இரண்டாவது நிபந்தனையை விட்டுவிடாதீர்கள். புளித்த நாளுக்கும் ஒரு விலை உண்டு என்று தெரிந்தால்தான் முதல் நிபந்தனையை அவர்களால் காப்பாற்ற முடியும்.